ஐந்து குரல்காரியின் மூச்சு

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘ஊதுங்கம்மா’ என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நெஞ்சுப் பிரிவில் மூச்சுப் பரிசோதனை எடுப்பது அவள் வேலை. வருகிறவரின் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, “நல்லா இழுங்க... ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்!” என்று ஆறு நொடி கத்துவாள். ஆளுக்கு மூன்று தடவை, நாளைக்கு முப்பது பேர். கத்தாவிட்டால் ஜனங்கள் சூடான டீயை ஆற்றுகிற மாதிரி ஊதிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

இருபத்திரண்டு வருஷம் கத்திய தொண்டை, வீட்டுக்கு வந்தால் வாயே திறக்காது. பேசவும் ஆளில்லை. கல்யாணப் பேச்சு அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்தது. அதற்கே அலுத்துப்போய் நின்றுவிட்டது. அம்மா மூன்று வருஷத்துக்கு முன்னால் போனாள். கடைசி நேரத்தில் மகள் பக்கத்தில் நின்று அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு சொட்டு அழவில்லை. தொழில் புத்தி. அப்புறமும் அழுகை வரவில்லை. அதை நினைத்து நினைத்துத் தனக்குள்ளேயே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடிக்கும்போது போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைக்க மறந்துவிட்டாள். அது தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, ஏதோ ஒரு ராக் குழுவின் பாட்டில் போய் நின்றது. டிரம்ஸ் அடித்த அடியில் முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். காதோடு ரகசியம் சொல்கிற குரல். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சாகி, சட்டென்று உச்சிக்குப் போய் அசையாமல் நின்றது. அங்கிருந்து அடிவயிற்று உறுமல். கடைசியில் சின்னக் குழந்தையின் குரல். ஐந்து பேர் பாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். கீழே எழுதியிருந்ததைப் படித்தால், பாடகி ஒருத்திதான். போர்வையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் தேம்பித் தேம்பி அழுதாள். அம்மாவுக்கென்று வராமல் இருந்த அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது.

அதிலிருந்து ஆளே மாறிவிட்டாள். மொத்தம் பதினோரு பாட்டு; அத்தனையும் மனப்பாடம். தலைமை நர்ஸிலிருந்து லிஃப்ட்காரர் வரைக்கும் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. “ஒரு தடவை கேட்டுப் பாருங்க, ஒரே ஒரு தடவை. நான் அழுதே போயிட்டேன்” என்று போனை அவர்கள் காதில் திணித்தாள். சாப்பாட்டு மேஜையில் எக்ஸ்ரே எடுக்கிறவன்தான் குண்டைத் தூக்கிப் போட்டான்.

“இந்தப் பொண்ணை யாராவது கண்ணால பார்த்திருக்காங்களாக்கா? மேடை ஏறினதில்ல, பேட்டி கொடுத்ததில்ல. போட்டோன்னு பார்த்தா நாலு காலி நாற்காலி. ஒரே தொண்டையில அஞ்சு குரலாம்! இது மெஷின்க்கா. கம்ப்யூட்டர் பாடுது, நீங்க இங்க உருகிட்டிருக்கீங்க.”

“போடா” என்று சிரித்து மழுப்பினாள். ஆனால் சோறு இறங்கவில்லை. மெஷின் என்றால், அன்றைக்கு யார் முன்னால் அழுதோம்? பெற்ற தாய்க்கு அழாமல், பிளக்கைப் பிடுங்கினால் நின்றுபோகிற ஒன்றுக்கா அழுதோம்?

மனுஷியாக இருந்தால் மூச்சு இழுத்தாக வேண்டும். பஸ்ஸில் இயர்போனை அழுத்திக்கொண்டு அதை மட்டும் தேடினாள். டிரம்ஸ் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஏழாவது பாட்டில் ஒரு வரி, அவள் எண்ணிக்கையில் முப்பது நொடி இடைவெளியே இல்லாமல் ஓடியது. திரும்பவும் போட்டு எண்ணினாள்; அதே முப்பது. மறுநாள் வேலையில் இதே யோசனையாக இருந்து, ஒரு பெரியவரை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டாள். பாவம், அவர் முகம் கறுத்துப் போகிற வரைக்கும் ஊதிக்கொண்டே இருந்தார்.

அடுத்த அறையில் காது டெஸ்ட் எடுக்கிறவளிடம் போய் நின்றாள். அங்கேதான் சத்தம் நுழையாத கண்ணாடிக் கூண்டு இருந்தது.

“பத்து நிமிஷம்தான். ரெண்டு மணிக்கு ஆள் வருது” என்றாள் அவள்.

கனத்த கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்த பெரிய ஹெட்போனில் ஏழாவது பாட்டைப் போட்டாள். முப்பது நொடி வரியின் நடுவில், டிரம்ஸ் அடிக்குப் பின்னால் ஒளிந்து, ஒரு குட்டி மூச்சு இருந்தது! அவளுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் மூச்சைக்கூடச் செய்து வைக்கலாமே? வரி முடிகிற இடத்தில் இன்னொன்று கேட்டது. கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி மெல்லிசான விசில். நாலு தடவை திரும்பப் போட்டாள். எத்தனை ஆயிரம் நெஞ்சில் கேட்ட சத்தம் அது! வீசிங். மெஷினுக்கு மூச்சு வைப்பார்கள். எந்தப் புண்ணியவான் வியாதி வைப்பான்?

மனுஷிதான் என்ற சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டா அந்த உறுமல் உறுமுகிறாள்? கூண்டிலிருந்தே குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ‘உங்கள் பாட்டு என்னை அழவைத்தது’ என்று ரசிகையாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது, ‘இருமல் உண்டா? இன்ஹேலர் எடுக்கிறீர்களா? கடைசியாகப் பரிசோதனை செய்தது எப்போது?’ என்று ஆஸ்பத்திரிப் படிவமாகிவிட்டிருந்தது. எக்ஸ்ரேக்காரனிடம் மூச்சு விடவில்லை. பதில் வரட்டும், அவன் முகத்துக்கு நேராகவே காட்டலாம் என்று இருந்தாள்.

ஒன்பது நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குரல் பதிவு வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். முதலில் ஒரு இருமல். அப்புறம் அந்த ஐந்திலும் சேராத ஆறாவது குரல், ரொம்பச் சாதாரணமானது.

“அக்கான்னு கூப்பிடலாமா? எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எங்க வீடு, எங்க குழு, டாக்டர் தவிர இது யாருக்கும் தெரியாது. மேடை ஏறாம இருக்கறதும் இதனாலதான். மருந்து எடுத்துக்கறேன், பயப்படாதீங்க. ஆனா யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். நான் இருக்கேன்னு தெரிஞ்சாலே யாரு, எங்கன்னு தோண்டி எடுத்துடுவாங்க. அப்புறம் யாரும் பாட்டைக் கேக்க மாட்டாங்க. எல்லாரும் என் நெஞ்சைத்தான் கேப்பாங்க.”

சுருக்கென்றது. இத்தனை நாளாக அவள் மட்டும் வேறென்ன செய்தாள்? அந்தக் கூண்டுக்குப் பிறகு ஒரு பாட்டைக்கூடப் பாட்டாகக் கேட்கவில்லை. விசில் எங்கே வருகிறது என்றுதான் தேடிக்கொண்டிருந்தாள். அதோடு தன் வாயை நினைத்தும் பயமாக இருந்தது. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த வாயல்லவா?

மேஜையில் எல்லோரும் இருந்தார்கள். “என்னக்கா, உங்க மெஷின் சௌக்கியமா?” என்றான் எக்ஸ்ரேக்காரன், வாய் நிறையச் சோற்றோடு.

தலைமை நர்ஸ் விடவில்லை. “எனக்கென்னவோ மனுஷி மாதிரிதான் இருக்கு. ஊதுங்கம்மா, நீதான் ராத்திரி பகலா கேக்கறே. நீ சொல்லு.”

போன் மடியில்தான் இருந்தது. பதிவு முழுசாக ஒரு நிமிஷம்கூட இல்லை. போட்டுக் காட்டினால் அவன் வாயை ஆயுசுக்கும் அடைத்துவிடலாம். போனை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

“நீ சொன்னதுதான் சரிப்பா. மெஷின்தான் போல” என்றாள்.

அவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். “அப்ப நீங்க அழுததெல்லாம் வேஸ்ட்டா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். மனசு மட்டும், அந்தப் பெண் இன்றைக்கு மருந்தை எடுத்துக்கொண்டாளோ இல்லையோ என்று கிடந்து அடித்துக்கொண்டது.