சாவி எங்கே படுக்கிறது?

ஏஞ்சலின் கார் ரிமோட்டைக் கையில் வாங்கியதும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோவாள். பொத்தானை அமுக்குவது, பேட்டரியைக் கழற்றுவது எல்லாம் அப்புறம்தான். கண்ணை மூடிக்கொண்டு அவள் மோந்து பார்க்கும்போது, எதிரே நிற்கும் கார்க்காரர் தன் வீட்டு அழுக்குத் துணியையே யாரோ பிரித்துப் பார்ப்பதுபோல நெளிவார்.

"தண்ணியில போட்டீங்களாங்க?"

"தண்ணி பக்கமே போகலீங்களே."

"பேண்ட்டோட ஊற வெச்சிருக்கீங்க. சோப்புத்தூள் வாசம் அடிக்குது. வூட்ல கேட்டுப் பாருங்க."

அவர் வீட்டில் கேட்கமாட்டார். கேட்டால் துவைத்தவருக்கும் பையில் சாவியோடு துணியைப் போட்டவருக்கும் இடையே வழக்கு வந்துவிடும் என்று தெரியும். பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

பாலக்கோடு பஸ் நிலையத்திலிருந்து தக்காளி மார்க்கெட்டுக்குப் போகிற சாலையில், ஓர் உரக்கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவே ஏஞ்சலினின் கடை இருக்கிறது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் சாலையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரக்கடையின் மருந்து நெடி, மறு பக்கம் பேக்கரியில் பப்ஸ் வேகிற வாசம். இத்தனைக்கும் நடுவில் அவள் மூக்கு தன் வேலையைச் சரியாகப் பார்க்கிறது என்பது பேக்கரிக்காரருக்கே ஆச்சரியம். ரிமோட்டில் பூச்சிமருந்து வாசம் வந்தால் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது சட்டைப் பையில் இருந்தது. புளித்த மோர் வாசம் வந்தால் பிள்ளை வாயில் இருந்தது. முதலில் செல்போன் சர்வீஸ்தான் செய்துகொண்டிருந்தாள். யாரோ ஒரு நாள் கார் ரிமோட்டை நீட்ட, பிரித்துப் பார்த்து, "இவ்ளோதானா!" என்றாள். அன்றோடு செல்போனை விட்டாள்.

அவள் கேட்கிற இரண்டாவது கேள்வி இன்னும் விசித்திரமானது. "ராத்திரி சாவி எங்கங்க படுக்குது?" புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். தலையணைக்கு அடியில் என்பார் ஒருவர். இன்னொருவர் குளிர்சாதனப் பெட்டியின் மேல் என்பார். பதிலைக் கேட்ட பிறகுதான் திருப்புளியை எடுப்பாள். சாவி கெட்டுப்போவது வண்டியில் இல்லை, வீட்டில்தான் என்பது அவளுடைய தீர்மானமான கட்சி.

ரிமோட்டின் மேல்கூடு பழசாகிவிட்டது என்று மாரண்டஹள்ளிக்காரர் ஒருவர் புதுக்கூடு வாங்கித் தானே மாற்றிக்கொண்டார். கதவு திறந்தது, வண்டி மட்டும் கிளம்பவில்லை. எஞ்சினுக்கு அனுமதி கொடுக்கிற அரிசி அளவு சிப் பழைய கூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, கூடு குப்பைக்குப் போயிருந்தது. ஏஞ்சலின் அவரைத் திட்டிய திட்டில் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "போங்க, குப்பையக் கெளறுங்க. கெடைக்காம இந்தப் பக்கம் வராதீங்க!" மனிதர் நிஜமாகவே கிளறி எடுத்துக்கொண்டு வந்தார். வாங்கிக் கழுவிப் பொருத்தி, அவருக்கு டீயும் சொன்னாள். அவள் வாய் அப்படி, கை இப்படி. இவ்வளவு கெட்டிக்காரி தன் வீட்டுச் சாவியை மட்டும் எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு, கணவர் அருள்சாமி வேலை முடிந்து வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்பதில்லை.

மார்கழிப் பனியில் அவளுக்குச் சளி பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை காலையில்தான் மாதையன் வந்தார். தக்காளி மண்டி வைத்திருக்கும் பெரியண்ணனின் கார் டிரைவர் அவர். ஐம்பது வயதிருக்கும். காரைக் கடைக்கு எதிரே ஓரங்கட்டிவிட்டு, சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பூட்டுன வண்டி தானா தொறந்துக்குதும்மா. பாத்துச் சொல்லு."

ஏஞ்சலின் பழக்கத்தில் மூக்குக்குக் கொண்டுபோனாள். மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. அந்த எரிச்சலில் இரண்டாவது கேள்வியையும் கேட்காமல் விட்டுவிட்டாள். பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. பொத்தானை அமுக்கினால் சின்ன சிவப்பு விளக்கு ஒழுங்காக மின்னியது. காரும் சொன்ன பேச்சைக் கேட்டுப் பூட்டியது, திறந்தது.

"சாவியில ஒண்ணுமில்லீங்கண்ணா. நீங்கதான் பூட்ட மறந்திருப்பீங்க."

மாதையன் சாவியைத் திரும்ப வாங்கவில்லை. முகம் சுருங்கிப்போய் நின்றார்.

"நீயும் அதையேதாம்மா சொல்ற. மொதலாளியும் அதையேதான் சொல்றாரு."

பிறகு நடந்ததைச் சொன்னார். பெரியண்ணன் மகளுக்காக வாங்கிய புது செல்போன் பெட்டியோடு காருக்குள் இருந்தது. காலையில் பார்த்தால் கதவு பூட்டாமல் கிடக்கிறது, பெட்டியைக் காணோம். அதற்குப் பிறகும் வண்டி பூட்டாமல் கிடந்தது, இன்றைக்கு விடிகாலையிலும்தான். மறதியா, இல்லை யாருக்காவது திறந்து விடுகிறானா என்று பெரியண்ணன் மண்டியில் நாலு பேர் காதில் விழக் கேட்டுவிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

"வேல போனாப் போவுது. கை சுத்தமில்லாதவன்னு மார்க்கெட்டுல ஒரு பேச்சு வந்துருச்சுன்னா அப்பறம் எவன் எங்கிட்ட ஸ்டியரிங்கக் குடுப்பான்? எம்மருமவன் அங்கதான் லோடு ஏத்தறான். அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஏஞ்சலினுக்குச் சுருக்கென்றது. சளி பிடித்த மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்கண்ணா. சாவி ராத்திரி எங்க படுக்குது?"

"எங்கிட்ட எங்கம்மா படுக்குது? பொழுது சாஞ்சா மொதலாளி வூட்ல குடுத்துருவேன். வண்டி வாசல்ல நிக்கும். சாவி சாமி ரூம்பு ஆணியில தொங்கும்."

"எல்லா நாளும் ஆணியிலதானா?"

"வெள்ளிக்கெழம மட்டும் தட்டத்துல இருக்கும். தொப்பூர் எறக்கத்துல ஒருக்கா பிரேக் புடிக்காம லாரி பின்னால மோதப் போயித் தப்பிச்சோம். அதுலருந்து மொதலாளியம்மா வெள்ளிக்கெழமையானா சாவிக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு, குங்குமத்தக் கொழச்சுப் பொட்டு வெச்சு, சாமி காலடியில வெச்சிருவாங்க. காத்தால நான்தான் எடுப்பேன்."

"வண்டி தொறந்து கெடந்தது எந்தக் கெழம?"

மாதையன் யோசித்தார். "இன்னிக்கு சனி. போன் காணாமப் போனதும்... சனிக்கெழமதான்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே திருப்புளியை எடுத்திருந்தாள்.

கூடு பிரிந்ததும் சங்கதி தெரிந்துவிட்டது. கதவு திறக்கும் பொத்தானின் ரப்பருக்கு அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு படிவு, சேறு காய்ந்ததுபோல. அதைச் சுற்றிச் செம்புக் கோடுகளில் பச்சை பூத்திருந்தது. மற்ற நாட்களில் காய்ந்து கிடக்கிறவரை வம்பில்லை. வெள்ளிக்கிழமை ஈரம் பட்டால் குங்குமத்தின் வழியே மின்சாரம் கசிந்து, யாரும் அமுக்காமலே பொத்தான் வேலை செய்துவிடும். அது காருக்கு வெளிக்கடையில் வாங்கிப் பொருத்திய பழைய பூட்டு. திறந்தால் தானே மறுபடி பூட்டிக்கொள்ளாது. திறக்கும்போது கூவுகிற சத்தத்தையாவது விட்டு வைத்திருந்தார்களா என்றால், தூக்கம் கெடுகிறது என்று மொதலாளியம்மா அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டாராம்.

அழுக்கைக் கண்டால் ஏஞ்சலினின் கை சும்மா இருக்காது. ஸ்பிரிட்டையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் எடுத்துவிட்டாள். பிரஷ் ரிமோட்டின் சர்க்யூட் பலகையைத் தொடப்போகிற நேரத்தில் நிறுத்திக்கொண்டாள். துடைத்துவிட்டால் சாவி நல்ல சாவி ஆகிவிடும், மாதையன் மேல் விழுந்த பழி மட்டும் அப்படியே நிற்கும். சாமிப் பொட்டின் மேல் பழி போடுகிறான் என்று இன்னொரு பேச்சும் சேரும்.

"உங்க மொதலாளி நம்பரு சொல்லுங்க."

"வேண்டாம்மா. ஏல நேரம். கத்துவாரு."

"நானும் கத்துவேன், சொல்லுங்க."

போனில் அவள் கத்தவில்லை. "ஐயா, சாவிக் கடை ஏஞ்சலின் பேசறனுங்க. உங்க சாவியப் பிரிச்சு வெச்சிருக்கேன். நீங்க வந்தாத்தான் மூடுவேன்." டிரைவர் இருக்கிறானே என்று அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. "அவரு சாவி இல்லீங்களே, உங்க சாவிங்க," என்று வைத்துவிட்டாள்.

பெரியண்ணன் யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். தோளில் துண்டு, ஏலம் கூவிக் கம்மிய தொண்டை. கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். மாதையனை அவர் பார்க்கவே இல்லை.

"என்னம்மா இது, வேல நேரத்துல?"

"ஒரு நிமிசங்க. அண்ணா, வண்டியச் சாவி போட்டுப் பூட்டுங்க. ஐயா, நீங்களே போயி கதவ இழுத்துப் பாருங்க."

பெரியண்ணன் இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. பிரிந்து கிடந்த ரிமோட்டை மேசை நடுவில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்றாள். காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்து, மஞ்சள் படிவின் மேல் ஒரு சொட்டு விட்டாள். விட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பேக்கரி டீ மாஸ்டர் டம்ளரோடு எட்டிப் பார்த்தார். பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். மாதையன் கண்ணை மூடிவிட்டார். தப்பாகச் சொல்லி ஒரு மனிதனை மறுபடி சந்தியில் நிறுத்திவிட்டோமோ என்று ஏஞ்சலினும் பயந்தாள். தண்ணீர் மெல்ல ஊறிப் பரவியது. அப்புறம், யார் கையும் படாமல், அந்தச் சின்ன சிவப்பு விளக்கு மின்னியது. எதிரே காரில் டொக்கென்று சத்தம் கேட்டது.

பெரியண்ணன் சாலையைக் கடந்து போய்க் கதவை இழுத்தார். திறந்துகொண்டது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"சாமிக்கு வெக்கறதுல என்னம்மா தப்பு?"

"சாமி மேல என்னங்க தப்பு? எங்க மாமியாரு பாக்கியமேரி வேளாங்கண்ணித் தீர்த்தத்தக் கொண்டாந்து இன்வெர்ட்டர் மேல தெளிச்சாங்க. கரண்டு இல்லாம இருட்டுல கெடந்தோம். மாதாவையா கோவிச்சுக்க முடியும்? பொட்ட அந்தச் சாவி வளையத்துக்கு வெக்கச் சொல்லுங்க, சாமி ஏத்துக்கும்."

பெரியண்ணன் சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. "அப்ப அந்த போனு?"

"போன யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. கதவத் தொறந்து விட்டது யாருன்னுதான் தெரியும்."

அதற்குப் பிறகு ஏஞ்சலின் அவர்கள் இருவரையும் மறந்துவிட்டாள். ஸ்பிரிட்டால் தேய்த்து மஞ்சளை எடுத்தாள். சூடான காற்று அடித்துக் காயவைத்தாள். தேய்ந்த ரப்பரை மாற்றி, பச்சை பூத்த இடத்தில் ஈயம் வைத்து, கூட்டை மூடினாள். மறுபடி ஈரப் பஞ்சை அதன் மேல் அழுத்திப் பார்த்தாள். கார் அசையவில்லை. மாதையன் சுவரோரம் நின்றே இருந்தார். பெரியண்ணன் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, உரக்கடைப் பலகையைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஆச்சுங்க," என்றாள் ஏஞ்சலின்.

பெரியண்ணன் கை நீட்டினார். அந்தக் கை தன் முன்னால் இருப்பது தெரியாததுபோல் அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய், சாவியை மாதையனிடம் நீட்டினாள். மாதையன் வாங்காமல் முதலாளியைப் பார்த்தார். டீ மாஸ்டரும் பார்த்தார். ஏஞ்சலின் யாரையும் பார்க்கவில்லை. நீட்டிய கையை இறக்கவும் இல்லை.

பெரியண்ணனின் கை காற்றிலேயே கொஞ்சம் நின்றது. பிறகு துண்டைச் சரிசெய்தது. அவர் காரின் இடப்பக்கம் போய், கதவருகே நின்றுகொண்டார்.

"நேரமாவுது மாதையா. வண்டிய எடு."

அப்போதுதான் அவள் சாவியை மாதையனின் உள்ளங்கையில் விட்டாள்.