எடது பக்கமுங்க

தூக்குப்போசி நிறைய டீ வாங்கிக்கொண்டு நடந்தால், ஒவ்வோர் எட்டுக்கும் அதன் அடிப்பாகம் முழங்காலுக்குக் கீழே வந்து தொட்டுச் சுட்டுவிட்டுப் போகும். கையை மாற்றினால் அடுத்த கால் சுடும். தொண்ணூறுகளின் நடுவில், சோமனூரில் நான் ஏழாம் வகுப்புப் படித்த அந்த வருஷம் முழுவதும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக எங்கள் தறிக்கூடத்துக்கும் பஸ் நிறுத்தத்துப் பேக்கரிக்கும் நடுவே என் கால்கள் இப்படி மாறி மாறிச் சுட்டுக்கொண்டிருந்தன. அப்பாவுக்கும், கூட ஓட்டுகிற இரண்டு பேருக்கும், நூல் சுற்றுகிற அம்மாவுக்கும் அந்த டீ. அப்பா பேசுகிற ஆள் இல்லை. நாலு தறி ஓடுகிற சத்தத்தில் பேசினாலும் கேட்கப் போவதில்லை என்பதால், கேட்கிற இடத்திலும் பேசாமலே பழகிவிட்டார்.

அதற்கு முந்தின வருஷத்திலிருந்து என் அண்ணன் செல்வராசு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணியில் ஆடினான். கபடியும் வாலிபாலும் தவிர வேறெதையும் ஆட்டமாகவே மதிக்காத எங்கள் ஊர், அவன் ஆடப் போனதும் ஒரே மாதத்தில் கூடைப்பந்துச் சட்டதிட்டமெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டது. அதற்குக் காரணம் கண்டக்டர் ஆறுமுகம். காந்திபுரம் போய்த் திரும்புகிற டவுன் பஸ்ஸில் அவருக்கு வேலை. ஷிப்ட் முடிந்ததும் மைதானத்துக்குப் போய் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் பேக்கரியில் அப்படியே நடித்துக் காட்டுவார். "பேஸ்கட்பால்" என்று சொல்ல மாட்டார்; மரியாதையாக "நம்ம தம்பி ஆட்டம்" என்பார்.

அண்ணனுக்கு அணியில் "கார்டு" வேலை. பந்தை அடித்துக்கொண்டே மேலே கொண்டுபோய், யார் ஆளில்லாமல் நிற்கிறார்கள் என்று ஒரே பார்வையில் பார்த்து, சட்டென்று பாஸ் கொடுக்க வேண்டும். முதல் வருஷம் அதை ஜோராகச் செய்தவன்தான். கோடை விடுமுறை கழிந்து திரும்பிப் போனதிலிருந்து என்னவோ ஆகிவிட்டது. இரண்டு பேர் வந்து மறித்தால் பந்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுகிறானாம். அஞ்சு செகண்டு தாண்டி, நடுவர் விசில் ஊதி, பந்து எதிரிக்குப் போய்விடுகிறதாம். இல்லையென்றால் பக்கவாட்டில் ஒருவன் வந்து கையிலிருந்து தட்டிக்கொண்டு ஓடுகிறானாம்.

ஏன் நிற்கிறான்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அந்தப் பேக்கரியில் இவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! ஆறுமுகம் அண்ணன் தேங்காய் பன்னைப் பந்தாக்கி, பிஸ்கட் பாட்டில்களை ஆட்களாக்கி மேஜைமேல் நகர்த்துவார். "தம்பி மேல குத்தமில்லீங்க. டீம்ல அந்த உசரமான பையன் இருக்கறானே, அவன் நகந்து எடங்குடுக்கோணும். மரமாட்ட நின்னா தம்பி யாருக்குங்க பந்து தருவாரு?" என்பார். தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற பழனிச்சாமி அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். "அதெல்லாம் இல்லீங்க. ரொம்ப யோசன பண்றாருங்க. படிச்சவங்களுக்கு இதான் வம்பு" என்பார். கடைக்கார நாயர் கல்லாவிலிருந்தபடியே ஹாஸ்டல் சோற்றைக் குறை சொல்வார். பொண்ணு விசயமாக இருக்கும் என்றுகூட ஒரு நாள் கட்சி கிளம்பி, அன்றைக்கு டீ இரண்டு ரவுண்டு போனது. திட்டுவதைக்கூட "ங்க" போட்டுத்தான் திட்டினார்கள்.

என் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். "வா அம்மணி, அப்பா நல்லாருக்கறாரா?" என்று கேட்டுவிட்டு, எல்லோரும் மேற்கே பார்த்து மழை வருமா என்று ஆராய்வார்கள். அவர்களுக்கு அது மரியாதை. எனக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஆகவே ரொட்டி அடுக்கியிருக்கும் கண்ணாடி அலமாரிக்கு இப்புறம், தெரியாத மாதிரி நின்றுகொள்ளப் பழகினேன். அண்ணன் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை கிடையாது. அவனைப் பற்றிப் பேசுகிற நாலு குரல்களையாவது கேட்கலாமே என்றுதான் நின்றேன்.  அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் அந்தக் கடையில் நான்தான்.

கோடை விடுமுறையில் வந்திருந்தபோது அப்பாவுக்கு ஒத்தாசையாக அண்ணன் தறி ஓட்டினான். மூன்றாம் தறியில், ஊடை நூலோடு குறுக்கே பாயும் நாடாக் கட்டையை உந்தித் தள்ளும் "பிக்கர்" தேய்ந்துபோயிருந்தது. அடுத்த வாரம் மாற்றலாம், அடுத்த வாரம் மாற்றலாம் என்று அப்பா தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு மத்தியானம், அறுந்த இழையைப் பார்க்க அண்ணன் குனிந்தான். பக்கத்திலிருந்த அந்தத் தறியிலிருந்து நாடா பறந்து வந்து அவன் இடது புருவத்தில் அடித்தது. மூன்று தையல். "புருவந்தானுங்ப்பா, கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்" என்று அவனே சிரித்தான். அப்பா அன்று முழுவதும் எதுவும் சாப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து, சாப்பிடும்போது அவனுக்கு இடது பக்கமாகத் தண்ணீர் டம்ளரை வைத்தேன். கையை நீட்டித் தட்டிவிட்டான். மறுநாளும் தட்டிவிட்டான். எனக்கு வாய் மட்டுமல்ல, கண்ணும் கொஞ்சம் நீளம். விளையாட்டுப் போல அவன் வலது கண்ணைப் பொத்தி, "எத்தன வெரலுங்ணா?" என்று கேட்டேன்.  அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "அப்பாகிட்டச் சொல்லிப்போடாத அம்மணி. அந்த மனுசன் ஒடஞ்சு போயிருவாரு. காலேசுக்குத் தெரிஞ்சாலும் என்னைய டீம்ல வெச்சுக்க மாட்டாங்க, சீட்டே ஆட்டத்துக்குக் குடுத்ததுதான்" என்றான். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். பன்னிரண்டு வயதில் ஒரு ரகசியம் கிடைத்தால் பெருமையாகத்தான் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு தனியாக நடப்பது எப்படி இருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

ஐப்பசி மாதம் ஒரு தோல்வி. ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம். கடைசி நிமிஷத்தில் பந்து அண்ணன் கையிலிருந்து போனது. மறுநாள் பேக்கரியில் ஆறுமுகம் அண்ணன் பன்னைத் தொடவேயில்லை. பழனிச்சாமி அண்ணன்தான் சொன்னார்: "இனி மூடி மறைச்சு என்னங்க ஆகப்போகுது. பயமுங்க. எதிராளு மேல வந்து உளுந்தா ஒடம்பு நடுங்கிப்போகுது. பயந்தவங்க பந்தத் தொடப்படாதுங்க."  நாயர்கூட ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அலமாரிக்கு இப்புறமிருந்து வெளியே வந்தேன். தூக்குப்போசியை ஓங்கி மேஜைமேல் வைத்ததில் மூடி கழன்று உருண்டது. "எங்கண்ணன் ஒண்ணும் பயப்படலீங்க! எடது கண்ணு தெரியாதுங்க அவருக்கு. நாடா பட்டுப் போச்சுங்க" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. உருண்ட மூடியைப் பழனிச்சாமி அண்ணன் குனிந்து எடுத்து, தன் துண்டால் துடைத்துக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இது இந்தக் கடைய உட்டு வெளிய போகப்படாதுங்க" என்றார் ஆறுமுகம் அண்ணன். அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வாக்குத் தவறவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவரும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குப் பதில் ஒரு யோசனை பண்ணினார்கள், எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. அடுத்த ஆட்டத்துக்குப் பதினாலு பேர் பஸ் ஏறினார்கள். பழனிச்சாமி அண்ணனின் மனைவி சரசக்கா என்னையும் கைபிடித்துக் கூட்டிப்போனாள். அண்ணன் ஆடுவதை நான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன் என்பதால் தலைக்குக் குளித்து, பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு போனேன்.

ஆட்டம் தொடங்கியது. அண்ணன் பந்தை அடித்தபடி வந்தான். அவன் இடப்புறமாக ஒருவன் பாய்ந்தபோது, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பதினாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"எடது பக்கமுங்க!"

அண்ணன் சட்டென்று திரும்பினான், பந்து உயரமான பையனிடம் போயிற்று, கூடையில் விழுந்தது. மறுபடியும் ஒருவன் வந்தான். "எடதுங்க, எடதுங்க!" மறுபடியும் பாஸ், மறுபடியும் கூடை. சரசக்கா எழுந்து நின்று கைதட்டினாள். பழனிச்சாமி அண்ணன் அழுதுகொண்டே கத்தினார். பாதி ஆட்டம் வரை எங்கள் அணிதான் முன்னிலை. நான் மட்டும் பாவாடை நுனியை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  கீழேயிருந்து அண்ணன் ஒருமுறை நிமிர்ந்து, படிக்கட்டு முழுவதும் தேடி, என்னைக் கண்டுபிடித்தான். அவனைப் பொறுத்தவரை, அவன் கண்ணைப் பற்றி உலகத்தில் தெரிந்தது இரண்டே பேருக்கு. அதில் ஒருவன் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தான்.

இடைவேளையில் எதிரணி மாஸ்டர் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் அவர்கள் இரண்டு இரண்டு பேராக இடப்புறத்திலிருந்தே வந்தார்கள். அது போதாதென்று, அந்தக் கல்லூரி மாணவர்கள் எதிர்ப் படிக்கட்டிலிருந்து கேலியாக "எடதுங்க, எடதுங்க" என்று ராகம் போட்டுக் கத்த ஆரம்பித்தார்கள். இடப்புறம் ஆள் வந்தாலும் கத்தினார்கள், வராவிட்டாலும் கத்தினார்கள். எது எங்கள் குரல், எது அவர்கள் குரல் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. ஆளே இல்லாத பக்கம் திரும்பித் திரும்பி, கடைசியில் பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடுவில் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். விசில் ஊதியது.

அவனுடைய மாஸ்டர் அவனை வெளியே அழைத்து பெஞ்சில் உட்கார வைத்தார். அவன் வலது கண்ணை உள்ளங்கையால் மூடி, மறு கையில் விரல்களைத் தூக்கிக் காட்டினார். நான் வீட்டில் செய்த அதே சோதனை. அண்ணன் அவர் கையையும் மெதுவாக எடுத்துவிட்டான். மாஸ்டர் அவன் தோளில் துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்தார். எங்கள் பதினாலு பேரும் அப்புறம் வாயே திறக்கவில்லை, பஸ்ஸிலும் திறக்கவில்லை.

தை மாதத்துக்குள் அண்ணன் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். கண்ணாஸ்பத்திரியில் டாக்டர், அடிபட்டவுடனே வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார். ஆக, சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் விட்டதும் நான்தான், சொல்லக் கூடாத இடத்தில் போட்டு உடைத்ததும் நான்தான். அப்பா மூன்றாம் தறியின் பெல்ட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டியவர் மறுபடி அதை ஓட்டவேயில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேக்கரிக்குப் போனால் நான் கேட்காமலே நாயர் ஒரு தேங்காய் பன் சுற்றிக் கொடுப்பார். ஆறுமுகம் அண்ணன் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசுவார். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "ஏம்புள்ள அப்படிச் செஞ்சே?" என்று பிடித்துத் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். எங்கள் ஊர் மரியாதை அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

இப்போது அந்தப் பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கடை. நாடாவே இல்லாத தறிகள் வந்துவிட்டன. ஆறுமுகம் அண்ணனும் பழனிச்சாமி அண்ணனும் இல்லை. அண்ணன் காந்திபுரத்தில் துணிக்கடை வைத்து, தலை நரைத்து, பேரனையும் பார்த்துவிட்டான். அவனோடு நடக்கும்போதெல்லாம் நான் அவனுக்கு இடது பக்கமாகவே நடப்பேன். ஏன் என்று அவன் கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை.

போன மாதம் கிராஸ்கட் ரோட்டைக் கடக்கும்போது இடப்பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் சீறிக்கொண்டு வந்தது. என்னையறியாமல் அவன் கையைப் பிடித்து இழுத்து, "எடது பக்கமுங்ணா!" என்று கத்திவிட்டேன். ஸ்கூட்டர் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் நடுரோட்டில் அப்படியே நின்றோம். முப்பது வருஷமாகப் பேசாததை அவன்தான் பேசினான், ரோட்டைப் பார்த்தபடியே.

"அன்னிக்கு அத்தன பேரு கத்துனதுல உன்ற கொரல் எதுன்னு தேடுனேன் அம்மணி. அது ஒண்ணு கேட்டிருந்தா அத நம்பித் திரும்பியிருப்பேன்."

"நான் மட்டுந்தான் கத்தலீங்ணா" என்றேன்.

அவன் என் கையை விடவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.