ஜன்னல் பக்கத்து இடது

மாதா திருவிழா முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, கொடி இறங்கிய மறுநாளே பிராங்கிளின் ஓமானில் சலாலா துறைமுகத்து வேலைக்கு விமானம் ஏறினான். அன்றைக்கே யார்டு ஆபீசிலிருந்து ரூபினாவின் கம்ப்யூட்டரும் கிளம்பியது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன இரண்டுக்கும் பதிலாக மேனேஜர் அவள் கையில் ஒரு தொடுதிரை டேப்பைக் கொடுத்தார்.

"அதே எக்செல் ஷீட்டுதாம்மா இதுலயும் வரும். கீழ இறங்கி நின்னு பாத்துக்கினே போட்டுடலாம். இன்னொரு ஆளு எதுக்கு?"

எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த கண்டெய்னர் யார்டு அது. பழைய கண்டெய்னரை வெட்டிக் கட்டிய மாடி அறையில் ரூபினா வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். ஷீட்டில் ஒரு கட்டம் என்றால் தரையில் ஒரு பெட்டியின் இடம். காலி மஞ்சள், சரக்கு பச்சை, கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்தது சிவப்பு. மொத்த யார்டும் அகலத் திரையில் ஒரே பார்வையில் கிடக்கும். டிரெய்லர் வந்தால் வாக்கி டாக்கியில் சொல்வாள்: "இடது பக்கம் மூணாவது வரிசை, கடைசிப் பொட்டி." கேட்டில் நிற்கும் பிராங்கிளின் அதைக் கேட்டுக்கொண்டு, பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஸ்டாக்கர் வண்டியை ஓட்டும் அத்தாவுல்லா பாய்க்குக் கையைக் காட்டுவான். வண்டி நேராகப் போய் அந்தப் பெட்டியைத் தூக்கும். தரையில் எழுதியிருந்த வரிசை எண்களை டிரெய்லர் சக்கரங்கள் எப்போதோ தேய்த்துத் தின்றுவிட்டன. அது இல்லையே என்று ஒருவரும் வருந்தியதில்லை.

டேப்பைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்த முதல் நாளே எல்லாம் குழம்பியது. வெயிலில் திரை கறுத்துப்போய் அவள் முகத்தைத்தான் காட்டியது. துப்பட்டாவைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்தால் ஒரு மூலை தெரிந்தது. அந்த மூலையைப் பார்க்கும்போது மற்ற மூன்றும் மறைந்தன. நகர்த்தலாம் என்று விரலை வைத்தால் கட்டமே விரலோடு ஒட்டிக்கொண்டு வந்து, பச்சை போய் சிவப்பில் உட்கார்ந்தது.

அதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். ஆனால் அவள் சொன்ன இடத்தில் பெட்டி இல்லை. பாய் ஒன்றைத் தூக்கி, நம்பரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, திரும்ப இறக்கினார். அடுத்ததும் அப்படியே. தப்பான பெட்டி கேட்டைத் தாண்டாது, அங்கே நம்பர் பார்ப்பார்கள். ஆனால் தேடுகிற நேரத்தில் டிரெய்லர்கள் நெடுஞ்சாலை வரை வால் நீட்டின. டிரைவர்கள் இறங்கி வந்து அவளைச் சுற்றி நின்றார்கள்.

"இன்னாக்கா, பொட்டிய வூட்டாண்ட வச்சுட்டு வந்துட்டியா?"

மேனேஜர் கத்தவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. வள்ளூர்ல ஒரு பையன் கீறான், டேப்பெல்லாம் பழக்கமானவன்," என்றார்.

கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது ரூபினாவுக்கு. அவள் புருஷன் டிரெய்லர் ஓட்டி முதுகு போய் வீட்டில் கிடக்கிறவன். மகள் தமன்னா பிளஸ் டூ. எம்.கே.பி. நகர் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையில்தான்.

ஷீட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. மாடி அறைக்கு ஏறி, ஜன்னலோரம் நின்று பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஷீட்டில் இருக்கும் இடத்திலேயே இருந்தது. கீழே இறங்கினால் இடம் மாறிவிட்டது. பேய் பிடித்த யார்டா இது என்று நினைத்தாள்.

விடை பாயிடமிருந்து வந்தது, அதுவும் டீ குடிக்கும்போது, போகிற போக்கில்.

"பிராங்கிளின் ஒரு மாதிரி ஆளும்மா. வாக்கில நீ இடதுன்னு சொல்றது எனக்கும் கேக்கும். அவன் கை இன்னாடான்னா சோத்தாங்கைப் பக்கம் போவும். முன்னாடின்னா பின்னாடி காட்டுவான். நானும் அவன் கையத்தான் பாப்பேன், காத வுட்டுட்டேன்."

ரூபினா கிளாசைக் கீழே வைத்தாள். ஜன்னல் ஒரு கோடி, கேட்டு எதிர்க்கோடி. ஷீட்டை அவள் வரைந்தது ஜன்னலிலிருந்து தெரிந்தபடி. அவளுடைய இடது, கேட்டில் நிற்பவனுக்கு வலது. இத்தனை வருடமும் அவள் சொன்ன ஒவ்வொன்றையும் அவன் மனதுக்குள் திருப்பிப் போட்டுக் கையில் காட்டியிருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அங்கேயே நின்று அவனுக்கு ஒரு மெசேஜ் தட்டினாள்: "ஏன்டா என்கிட்ட சொல்லல?" பதில் வரவில்லை. புது ஊர், புது வேலை.

டேப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். காகிதமாக இருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். டேப்பு ஒரு குலுங்கு குலுங்கி, படத்தைத் தானே நேராக்கிக்கொண்டது. மறுபடி திருப்பினாள், அதுவும் திரும்பியது. தமன்னாவிடம் கேட்டு, திரை திரும்பாமல் பூட்டி வைத்தாள். இப்போது யார்டு சரியாக நின்றது, பெட்டி நம்பரெல்லாம் சிரசாசனம் செய்தது.

கடைசியில் யார்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து பார்த்தாள். அப்படி நடந்தால் ஷீட்டு சொன்ன கையும் அவள் கையும் ஒன்றாக இருந்தன. டிரைவர்களுக்குக் கொண்டாட்டம். "அக்கா ரிவர்ஸ்ல வருது, வழி வுடு!" என்று ஒருவன் விசில் அடித்தான். அந்த விசிலில் பின்னால் வந்த ஸ்டாக்கரின் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. பாய் பிரேக் அடித்து, கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார்.

"உசுரு வோணாமா ஒனக்கு? படத்த மாத்திப் போடு தாயி, நீ ஏன் மாறி நடக்குற?"

படத்தை மாற்ற டேப்பில் உட்கார்ந்தாள். ஒரு வரிசையைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. வலது கோடியை இடது கோடிக்குக் கொண்டுபோவதற்குள் விரல் மரத்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும், வீட்டருகே சில்வியா நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். ஆதார் பிரிண்ட் எடுக்க வந்தவர்களுக்கு நடுவே, எழுத்து அழிந்த கீபோர்டும் பிசுபிசுத்த மவுசுமாக ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் முன் உட்கார்ந்ததும் அவள் தோள் தானாக இறங்கியது. ஷீட்டைத் திறந்து, ஓரத்தில் ஒரு வரிசை எண்களைப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொன்னாள். மேலே இருந்தது கீழே வந்தது. அதையே குறுக்கிலும் செய்தாள். நிறங்கள் பெட்டிகளோடு கூடவே போயின.

"அவ்ளோதானா? இதுக்கா மூஞ்சிய இப்டி வச்சினு வந்த?" என்றாள் சில்வியா.

"அவ்ளோதான்டி," என்ற ரூபினா, எழ மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் மொத்த யார்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கேட்டில் யார்டைப் பார்த்து நின்று, அவளே கையைக் காட்டினாள். பாய் போய்த் தூக்கினார், நம்பர் பார்த்தார், கட்டை விரலை உயர்த்தினார். அதற்குப் பிறகு டேப்பில் அவளுக்கு ஒரு பிடிப்பும் வந்தது. பெட்டியின் எதிரிலேயே நின்று நிறம் மாற்றலாம். ஓட்டை விழுந்தது, கதவு வளைந்தது என்று மாடியிலிருந்து தெரியாததெல்லாம் கண்ணில் பட்டது. ஆனால் பெரிய கப்பல் வந்து மொத்தமாக இடம் பிரிக்க வேண்டிய வாரங்களில் சில்வியா கடைக்குத்தான் போனாள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணு போதும்னுதானேம்மா இத வாங்கினோம்," என்றார். மாசக் கடைசியில் வள்ளூர்ப் பையனைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. டேப்புக்கு ஒரு தடித்த உறை வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். ரூபினா அதை எடுத்து மாட்டினாள்.

மழைக்காலம் போய், நோன்பு வந்து முடிந்தது. பெருநாள் தொழுகைக்குப் பிறகு, பிரியாணி தம்மில் இருந்தபோது போனில் மெசேஜ் மணி அடித்தது. பிராங்கிளின் ஒரு படம் அனுப்பியிருந்தான்: ஏசி அறை, இரண்டு பெரிய திரை, சுழல் நாற்காலி. கீழே எழுதியிருந்தான்:

"ஈத் முபாரக் அக்கா. இங்க என்னிய மாடில ஏத்தி உக்கார வச்சுட்டானுங்க. உக்காந்ததும் மொதல்ல ஜன்னலத்தான் பாத்தேன். அப்புறம் கீழ நிக்கிறவன கூப்ட்டு, நான் இடதுன்னா ஒனக்கு எந்தக் கைன்னு கேட்டுட்டேன். ஏன் சொல்லலன்னு அன்னிக்கு கேட்டீங்களே. நீங்க ஒரு தபா கூட தப்பா சொன்னதில்லக்கா, இன்னான்னு சொல்றது?"