சாரல் நாளில் ஏட்டுப் பெட்டி

காலை 8.10. திருநெல்வேலியில் பேருந்து ஏறும்போது சுள்ளென்று வெயில். ஐம்பத்து மூன்று கிலோமீட்டர் தாண்டித் தென்காசியில் இறங்கினால் சாரல். வந்த வேலை ஒன்றே ஒன்று. நான் பதிப்பிக்கும் சிற்றாற்று வெள்ளக் கும்மியைப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டும். என் கையில் இருந்த படியில் கடைசி ஏடுகள் இல்லை. பெயர் அங்கேதான் இருக்கும். முழு ஓலை ஏட்டுக்கட்டு இந்த ஊரின் பழைய பொது நூலகத்தில் மட்டுமே உண்டு. அச்சகத்துக்கு மாலை ஆறு மணிக்குள் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

"சாரல் விழும்போது ஏட்டுப் பெட்டியைத் தொறக்க மாட்டோம் மேடம். ஈரம் ஏறிரும். வெயில் வரட்டும்," என்றார் நூலகர்.

"எப்ப வரும் அண்ணாச்சி?"

"சீசன்லா? இன்னைக்கும் வரலாம், அடுத்த வாரமும் ஆவலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது?

11.30. இருப்புக் கொள்ளவில்லை. டவுன் பஸ் பிடித்துக் குற்றாலம் போனேன். அருவிக்கரையில் ஈரத் துண்டோடு நின்ற சுரண்டை ஊர்க்காரர் ஒருவர், "தண்ணி நல்லா விழுது. இன்னும் ரெண்டு நாள் இப்படியே பெய்யணும்," என்றார்.

"பெய்யக் கூடாது," என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். குளிக்க மனமில்லை. இருபது ரூபாய்க்கு வாங்கிய பஜ்ஜியை நின்றபடியே விழுங்கிவிட்டுத் திரும்பினேன்.

3.20. ஒருவழியாக வெயில் வந்தது. நூலகர் பெட்டியைத் திறந்து ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்ட, செல்போனில் படம் எடுத்தேன். கடைசி இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

நூலகர் முகம் சுருங்கிவிட்டது. "போன சீசன்ல ஒருத்தர் வந்து அவசரம்னு கெஞ்சுனாரு. மழைக்குள்ள நாந்தான் தொறந்து குடுத்தேன். அப்ப ஏறுன ஈரம்."

பிறகு, "உங்களுக்கும் அவசரம். மெல்ல இழுத்துப் பாக்கட்டா? வந்தாலும் வந்திரும்," என்றார்.

"வரலைன்னா?"

"மேல்தோலோட எழுத்தும் போயிரும். பிரிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எழுதிப் போட்டிருக்கேன். இன்னும் யாரும் வரல."

அவர் நகம் ஏட்டின் ஓரத்தில் இருந்தது. எனக்கு வேண்டிய பெயர் அந்த நகத்துக்கு அடியில் இருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி, கட்டிருங்க," என்றேன்.

5.40. பேருந்து நிலையத்தில் நின்றபடி அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

"அப்ப 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை'ன்னு போட்டுரட்டுமா மேடம்?"

"போடாதீங்க. பெயர் இருக்கு, ரெண்டு ஏட்டுக்கு நடுவுல. இடம் விட்டு வையுங்க."