பார்த்த ஆக்களிலேயே சோதினை

மருதனார்மடத்து வீட்டின் முன்னறையில் இருந்தபடி வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். நோயை எதிர்க்கும் இரத்தக் கலங்களில், அதாவது செல்களில், எந்த மரபணு எப்போது இயங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லக் கணினியைப் பழக்குகிறேன். போன மாதம் அது ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. ஆய்வுகூடப் பேராசிரியர் உடனே அதைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார்.

பக்கத்து அறையில் கணித டியூசன் எடுக்கும் மனைவியிடம் பெருமையடித்தேன்.

"பழக்கினது ஒராளின்ரை இரத்தம், சோதிச்சது வேறை ஆளின்ரையோ?" என்று கேட்டாள்.

"கலங்கள் வேறை. ஆக்கள் அதே ஆக்கள்தான்."

"நல்லாயிருக்கு! படிப்பிச்ச கணக்கிலை இலக்கத்தை மட்டும் மாத்திச் சோதினைக்குக் குடுத்தால், என்ரை கடைசி வாங்குப் பிள்ளையளும் நூறு எடுப்பினம்."

எரிச்சலோடு போய், கணினி முன்பு பார்த்தேயிராத ஒருவரின் கலங்களைக் கொடுத்தேன். பாழாய்ப்போனது, பிழை பிழையாய்ச் சொன்னது. பேராசிரியருக்கு எழுதினேன். கட்டுரை வெளிவரட்டும், பிறகு பார்ப்போம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. கட்டுரையில் முதற்பெயர் என்னுடையது. பெயரை எடுக்கச் சொல்லி வேலை போனால், வீட்டிலிருந்து இந்த வேலையைச் செய்ய விடும் இன்னொரு இடம் எனக்கில்லை.

சுவருக்கு அப்பால் மனைவி வகுப்பில் கத்தினாள்: "கொப்பியடிச்சது ஆர்? எழும்பி நில்!"

நான் கதிரையிலேயே இருந்தேன்.