ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்

எங்கள் ஊர் மண்டபத்தில் நாடகம் என்றால் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நடுவில் கயிறு எதுவும் கட்டுவதில்லை. ஆனாலும் ஒருவரும் மாறி இருந்ததில்லை. கலியாணம் முடித்த புதிதில், திரியாயிலிருந்து வந்த என் மனைவியை முதன்முதலாக நாடகத்துக்குக் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வாசலிலேயே பிரிந்துவிட்டோம். ஏதோ கேட்கத் திரும்பினாள். அதற்குள் கூட்டம் அவளை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது.

அதுவரை நாங்கள் அதிகம் பேசியதில்லை. பேச இடமில்லை. அப்பா, அம்மா, தங்கைகள், நாங்கள் இருவர். ஒழுங்கான அறை ஒன்றுதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்தவன் நான்தான். சீனன்குடாவில் கிளாக்கர் வேலை. படித்தவன் அல்லவா, நாடகங்களைப் பற்றி எனக்குப் பெரிய பெரிய அபிப்பிராயங்கள் இருந்தன. கேட்கத்தான் ஆளில்லை. தங்கைகளிடம் தொடங்கினால் "அண்ணா, சோறு ஆறுது" என்பார்கள். அன்றைக்கு வெளிக்கிடும்போது அம்மாவும் விடவில்லை: "காசு குடுத்து அழப் போறியளோ? இஞ்ச இருந்தா சும்மா அழலாமே."

இவளாவது கேட்பாள் என்பதுதான் என் ஆசை. இவளுக்கும் பிடிக்காமல் போனால்? அந்தப் பயத்தில் மேடையைவிட இடப்பக்கத்தைத்தான் அதிகம் பார்த்தேன். அத்தனை கொண்டைகளுக்குள் அவளுடையது எது என்று தெரியவில்லை.

நாடகம் பழைய ரகம். தம்பியின் வாளால் குத்துப்பட்ட ஓர் அரசன் பாட்டுப் பாட்டாகப் பாடிச் சாகிறான். அரசி ஓடிவந்து மேலே விழுந்து கதறுகிறாள். முடிந்து வெளியே வந்து துறைமுகத்து வீதியால் நடந்தோம். பொழுது படுகிற நேரம். கப்பல்களில் விளக்குகள் வரத் தொடங்கியிருந்தன. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் அபிப்பிராயத்தை எடுத்துவிட்டேன்.

"குத்துப்பட்ட மனிசன் இவ்வளவு நேரம் பாடுவானே? நம்பவே ஏலாது."

சற்றுப் பின்னால் வந்தவள் எட்டி வைத்துப் பக்கத்தில் வந்தாள். "சாகிற மனிசன். ஆறுதலாப் பாடிப்போட்டுச் சாகட்டுமே. உங்களுக்கென்ன அவசரம்?"

நடந்துகொண்டே என் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

"அரசி கத்தேக்க நீங்கள் அழுதனீங்களோ?"

"இல்லை, கண்ணுக்க தூசி."

"அந்த அரசி வேசக்காரர் உள்ள நிண்டு பீடி பத்தினவர். எங்கட பக்கத்தால வடிவாத் தெரியும். ரெண்டு இழுவை இழுத்துப்போட்டு, முந்தானையால மூஞ்சையைத் துடைச்சுக்கொண்டு ஓடிப்போய் ராசாவில விழுந்தவர்."

நடுவீதியில் நின்று சிரித்தேன். அந்த மண்டபத்தின் பக்கத்திரைகள் குட்டை. இடப்பக்கத்தவர்களுக்கு மேடையின் வலது உள்பகுதி தெரியும், வலப்பக்கத்தவர்களுக்கு இடது. அதனால் எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. முதல் காட்சியில் வெட்டுப்பட்ட சேவகன்தான் உள்ளே குந்தியிருந்து தகரத்தை ஆட்டி இடி முழக்கினான்.

"அவனோ? அந்தப் பொடியன் செத்ததுக்கு நான் எவ்வளவு கவலைப்பட்டனான்!"

"கவலைப்படாதையும். சுகமா இருக்கிறான்."

அதன் பிறகு ஊரில் எந்த நாடகத்தையும் தவறவிடவில்லை. ஆளுக்கொரு பக்கம் இருந்து பார்ப்போம். வீதியில் இரண்டையும் சேர்ப்போம். நாடகக் கதை முடிந்தால் வேறு கதை வரும். அவளுடைய ஊர்க் குளத்தைப் பற்றியும், சின்ன வயதில் அவளுக்கு இருந்த இருட்டுப் பயத்தைப் பற்றியும் அந்த வீதியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிறகு புது நாடகங்கள் வந்தன. கிரீடம் இல்லை, சீன் திரை இல்லை. ஒரு கதிரை, ஒரு கயிறு, கறுப்புச் சட்டையில் நாலைந்து பேர். மூட்டை சுமக்கிறவன் ஒருவன் மேடையின் நடுவில் வந்து நின்றபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அவன் பேசிய கோபம் பத்திரிகைத் தமிழில் இருந்தது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார், சாப்பிடாமல் படுத்துவிடுவார். அதை யாராவது நடிக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவளுடைய முறைப்பாடு வேறு: "எல்லாருக்கும் பசி எண்டு கத்தினவை. ஒருதரும் அடுப்பை எட்டிப் பாக்கேல்லை."

அப்படியொரு புது நாடகத்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் போட்டார்கள். மேடை இல்லை, நடுவில் நடிகர்கள், சுற்றிவரக் கதிரைகள். ஆண், பெண் என்ற பிரிவும் இல்லை. முதன்முறையாக நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவளுடைய காப்பு என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. கடலுக்குப் போன வள்ளத்துக்காகக் காத்திருக்கும் ஒரு வீட்டின் கதை. நான் பார்த்தவற்றில் அதுதான் திறம்.

வீதிக்கு வந்ததும் தொடங்கினேன். "அந்தத் தாய் வலையை மடிச்சு வைச்ச இடம்..."

"ஓம், நானும் பாத்தனான்."

"கடைசியில அவ கதவைச் சாத்தாமல்..."

"ஓம்."

அவ்வளவுதான். துறைமுகம் முழுவதையும் பேசாமல் கடந்தோம். கப்பல் விளக்குகளைப் பார்ப்பதுபோல நடித்தேன். எங்களுக்குள் இருந்த கதை இத்தோடு முடிந்துவிட்டதோ என்று உள்ளுக்குள் பதைத்தது. வீட்டில் எங்களுக்குப் பேச இடமும் இல்லையே.

வீட்டு வாசல் படலையடியில் அவள் நின்றாள். "இஞ்சாருங்கோ. நாடகம் நல்லம். ஆனா பக்கத்தில இருந்தா உங்களுக்குச் சொல்ல ஒண்டுமில்லை. அடுத்தமுறை நீங்கள் அங்கால இருங்கோ."

அடுத்தமுறையும் அதே மைதானம். சோடி சோடியாகச் சனம் இருந்தது. நாங்கள் வாசலில் பிரிந்து போனதைக் கண்ட என்னோடு கந்தோரில் வேலை செய்கிற ஒருவர் குனிந்து கேட்டார்: "என்ன தம்பி, வீட்டில சண்டையோ?"

"இல்லை அண்ணை. பிறகு கதைக்க வேணும்."

நாடகம் தொடங்கியது. நடிகர்களின் ஊடாக, நேர் எதிரே, அவள் முகம் தெரிந்தது. நாடகம் பார்க்கிற அவள் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன். வாய் சற்றே திறந்திருந்தது. யாரோ அடிவாங்கியபோது அவளுக்கே விழுந்ததுபோலக் கண்ணை மூடினாள். நடிகர்கள் பேசியதில் பாதி என் காதில் விழவேயில்லை.

வீதியில் ஏறியதும் அவள் கேட்டாள்: "எங்க, சொல்லுங்கோ. உங்கட பக்கத்தால என்ன தெரிஞ்சது?"