மாலை போட்ட படம்

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மனித உரிமைக் கூட்டம். வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். இலங்கைப் போரின் முடிவில் காணாமல் போனவர்களின் படங்கள் மேடையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ரோஜா மாலை, சந்தனப் பொட்டு. படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர் அந்த மண்டபத்தில் அதிகாரி ஒருவர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வாய் திறப்பதற்குள் ஓர் அம்மா மேடையேறிவிட்டார். கம்பம் பக்கத்து அகதி முகாமில் இருப்பவர், திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. தன் மகனின் படத்திலிருந்து மாலையைக் கழற்றிப் போட்டார். முந்தானையால் பொட்டை அழித்தார்.

"என்ர பிள்ளை செத்தவன் இல்லை. விசாரிச்சிட்டு விடுறம் எண்டாங்கள். நான்தான் என்ர கையால ஆமியிட்டக் குடுத்தனான்."

கூட்டம் நடத்தியவர் ஓடி வந்தார். "ஆத்தா, பெரியவுக வந்துட்டாக. மாலை இல்லாட்டி படம் மொட்டையா இருக்கும். முடியுறவரைக்கும் கெடக்கட்டுமே."

அம்மா படத்தை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அதிகாரி பேசினார். உலக நாடுகள் ஆழ்ந்த கவலை தெரிவித்திருக்கின்றனவாம். சொல்லவே எனக்கு நாக்கூசியது. கவலைப்படும் அதே நாடுகள்தான் அந்தப் போரை நடத்திய தளபதிகளுக்கு விசா கொடுத்து விருந்தும் வைக்கின்றன. விசாவை நிறுத்துங்கள், ஆயுதத்தை நிறுத்துங்கள், கூண்டில் ஏற்றுங்கள். அப்புறம் உட்கார்ந்து கவலைப்படலாம்.

பேச்சு முடிந்ததும் அம்மா எழுந்து படத்தை உயர்த்திக் காட்டினார். "ஐயா, இவன்ர பேரைச் சொல்லி, இவன் எங்கயெண்டு அந்த அரசாங்கத்திட்ட ஒருக்காவாவது கேட்டனீங்களோ?"

ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி கனிவாகத்தான் பதில் சொன்னார். நடைமுறைகள், நாடுகளின் இறையாண்மை, தனி நபர் பெயர்களை எழுப்புவதில் உள்ள சிக்கல், தொடரும் முயற்சிகள் என்று நெடுநேரம் போனது. பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்த நல்ல வார்த்தைகளை அப்படியே தமிழில் சொன்னால், அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அந்த அம்மா இன்னும் பல வருடம் காத்திருப்பார். என்னால் முடியவில்லை.

"கேக்கலம்மா" என்றேன்.

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "அவ்வளவு நேரம் கதைச்சவர்?"

"இதத்தாம்மா சொன்னாக."